பயப்படுகிற நாளில் ராட்டினம் ஏறினேன்

எனக்கு உயரம் என்றால் ஆகாது. நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றக்கூட ஆள் தேடுவேன். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்து, பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தபோது நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மொட்டை மாடிக்கு மட்டும் கைப்பிடிச் சுவர் கிடையாது. துணி காயப்போடுவதற்கோ அந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை. முதல் நாள் ஈரத்துணி வாளியோடு படியில் பாதி ஏறினேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பி இறங்கலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழ்ப்பகுதியில் குடியிருந்த வீட்டுக்கார அக்கா வந்து பார்த்தார்.

"இன்னா டீச்சர், படிக்கட்டுல குந்திக்கினு கீறே?"

"இறங்கத் தெரியலக்கா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் முதலில் சத்தம் வராது, உடம்பு மட்டும் குலுங்கும். பிறகு மூக்கிலிருந்து ஒரு சீழ்க்கை கிளம்பும். அதற்கப்புறம்தான் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் வரும். அன்று மூன்று கட்டத்தையும் முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அன்றிலிருந்து என் துணியெல்லாம் அவர் கையால்தான் மாடிக்குப் போனது. விவசாயக் குடும்பம் அவர்களுடையது. திருப்புலிவனம் போகும் வழியில் நிலம், கொல்லையில் நாலு மாடு. அத்தனை வேலைக்கு நடுவில் எனக்காக அவர் மாடி ஏறுவார். "எனக்கு மேல போனா காத்து நல்லாக் கீது டீச்சர்" என்று அதையும் தன் வசதி போலவே சொல்லுவார்.

நான் பயப்படும்போதெல்லாம் வாய்க்குள் ஒரு வசனத்தை முணுமுணுப்பது அக்காவுக்குத் தெரியும். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிற பைபிளின் சங்கீத வசனம். ஞாயிறு பள்ளியில் நான் முதன்முதலாகப் பார்க்காமல் ஒப்பித்த வசனம் அதுதான். சின்னது என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். அதைத் தடங்கலில்லாமல் சொல்லி ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் பரிசாக வாங்கினேன். அதற்குப் பிறகு ஊசி போடும்போது சொன்னேன், பரீட்சைக்குப் போகும்போது சொன்னேன், பெண் பார்க்க வந்தபோது காபித் தட்டோடு நின்றுகொண்டு சொன்னேன். பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது ஒரு கரையில் ஆரம்பித்து மறு கரை வரைக்கும் சொல்லுவேன்.

ஆனால் என் மனதில் ஒரு குறை இருந்தது. அந்த வசனத்தை நான் தலைவலி மாத்திரை மாதிரி நினைத்திருந்தேன். சொன்னால் பயம் போய்விட வேண்டும். போகவில்லையென்றால் நம்பிக்கை போதவில்லை என்று அர்த்தம். எனக்கோ ஒருநாளும் போனதில்லை. ஊசி போட்ட நர்ஸ் முதல் பாலம் தாண்டிய டிரைவர் வரை யாரும் என் முகத்தில் ஒரு நம்பிக்கையும் பார்த்திருக்க மாட்டார்கள். கர்த்தரை இவ்வளவு வருஷமாகத் தெரிந்தும் ஒரு மாடிப்படி ஏற முடியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், திருவிழாவுக்காக மைதானத்தில் ராட்டினம் போட்டார்கள். அதுவரை எங்கள் பக்கம் வந்ததெல்லாம் ஆள் கையால் சுற்றும் சின்ன மர ராட்டினங்கள். இது இரும்பு. டீசல் இன்ஜின் வைத்துச் சுற்றுவது. சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகக் குழல் விளக்கு. எங்கள் வாசலில் நின்றால் தென்னை மரங்களுக்கு மேலே அதன் தலை தெரிந்தது. நான் வாசலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அக்கா என் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது. என்னை அந்த ராட்னத்துல ஏத்தி வுடு."

"நானா?"

"நீதான். உங்கூட போறேன்னா எங்க வூட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. டீச்சராச்சே."

பிறகு மிக்ஸி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். சின்னப் பெண்ணாக இருந்தபோது ராட்டினம் ஏற வேண்டும் என்று அழுதாராம். வயதுக்கு வந்த பெண் அங்கெல்லாம் ஏறக் கூடாது என்றார்களாம். கல்யாணம் ஆன பிறகு கேட்டார். கல்யாணம் ஆனவளுக்கு எதற்கு ராட்டினம் என்றார்கள். பிள்ளை பிறந்ததும் கேட்டார். பிள்ளை பெற்றவள் பேசுகிற பேச்சா என்றார்கள்.

"இப்போ பையனுக்குக் கல்யாணம் வெச்சாச்சு. தென்னேரிப் பொண்ணு. அடுத்த மாசம் நான் மாமியார். மாமியார்க்காரி ராட்னம் ஏறுனா மருமவ மதிப்பாளா? இந்தத் திருவிழாவ வுட்டா எனக்கு ஏது டீச்சர்?"

என் துணிகளைச் சுமந்து மாடி ஏறுகிற பெண்மணி கேட்கிறார். என் கணவர் கூடத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "போய்ட்டு வா. அதான் வசனம் இருக்கே, சொல்லிக்கிட்டே ஏறு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே சரி என்றேன்.

மறுநாள் இருட்டுவதற்கு முன்பே மைதானத்துக்குப் போனோம். என் கணவரும் வந்தார். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தார், தலை நிறைய மல்லிகை. தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர், அன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டார். "கீய வுயுந்து ஒடஞ்சிட்டா?" என்றார். எனக்கு அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

எங்கள் பைகளையும் செருப்புகளையும் என் கணவரிடம் கொடுத்தோம். தொட்டிலில் எதிரெதிரே இரண்டு பலகை, நாலு பேர் உட்காரலாம். நாங்கள் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ராட்டினக்காரர் குறுக்கே ஒரு சங்கிலியை மாட்டினார். மாடு கட்டும் சங்கிலியைவிட அது மெல்லிசு.

"ஏங்க, இது தாங்குமா?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு இதுக்கும்மா" என்றார் அவர்.

அதற்கு மேல் எதுவும் கேட்க நேரமில்லை. தொட்டில் பின்பக்கமாகத் தூக்கியது. நான் கண்ணை மூடினேன். மேலே போகும்போது ஒன்றுமில்லை, கீழே இறங்கும்போதுதான் வயிறு தனியாக மேலேயே நின்றுவிட்டது. "அய்யய்யோ, எம்மா, நல்லாக் கீது டீச்சர், கண்ணத் தொற!" என்று அக்கா கத்திக்கொண்டே இருந்தார். நான் வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எந்த வேகத்தில் என்றால், வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதி, பயப்படுகிறநாளிலும்மைநம்புவேன்நான்பயப்படுகிற என்று அதுவும் ஒரு ராட்டினம் போலச் சுற்றியது.

கொஞ்ச நேரத்தில் கீழே "டப்" என்று ஒரு சத்தம். ராட்டினம் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. இறக்கிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டோமாக்கா?" என்றேன்.

தொட்டில் லேசாகக் குலுங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. அது சிரிப்பின் முதல் கட்டம்.

"அக்கா, எங்க இருக்கோம்?"

"மேல" என்றார். மூக்குச் சீழ்க்கை கிளம்பியது. "உச்சில!"

கீழேயிருந்து ராட்டினக்காரரின் குரல் மெலிதாகக் கேட்டது. "ஒண்ணும் இல்லம்மா! பெல்ட்டு அறுந்துக்கிச்சு! பஜாருக்கு ஆள் போய்க்கீது! ஆடாம குந்திக்கினு இருங்க!"

ஆடாமல் உட்காருங்கள் என்றதும் அக்காவுக்கு மூன்றாம் கட்டம் வந்துவிட்டது. தொட்டில் முன்னும் பின்னும் ஆடியது. "சிரிக்காதீங்கக்கா, உங்க கால்ல விழறேன், சிரிக்காதீங்க" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, அவருக்கு இன்னும் பொங்கியது. "கால்ல வுயுவாதே டீச்சர், அதுக்கும் ஆடும்!" என்றார். இரும்புக் கம்பியை நான் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருக்கும். பார்க்கத்தான் கண் திறக்கவில்லை.

திடீரென்று ஆட்டம் நின்றது. அக்காவின் சிரிப்பு வெட்டினாற்போல் நின்றுவிட்டது.

"டீச்சர்" என்று ரகசியக் குரலில் கூப்பிட்டார். "தோ கீய, வளையல் கடைகிட்ட, ஒரு பச்சப் பொடவ நிக்குது பாரு. பக்கத்துல ஒரு பொண்ணு. யாரு அது?"

"நான் கண்ணையே தொறக்கலக்கா."

"எனக்குக் கண்ணாடி இல்லியே. மங்கலாக் கீது. கொஞ்சம் தொறந்து பாரு டீச்சர், எம் மானமே போவுது."

அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மாடிக்கும் பயப்படாதவர், பாம்புக்கும் பயப்படாதவர். கொல்லையில் வந்த சாரைப் பாம்பைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டவர். அவருக்காகத்தான் கண்ணைத் திறந்தேன்.

மைதானம் ஒரு தாம்பாளம் அளவுக்குக் கீழே கிடந்தது. அதில் பொரி சிந்தினாற்போல் ஆட்கள். தலை கிர்ரென்றது. வளையல் கடையைத் தேடினேன். பச்சைப் புடவையைக் கண்டுபிடித்தேன். நிச்சயதார்த்தத்தில் பார்த்த முகம்தான்.

"சம்பந்தியம்மாதான்க்கா. கூட உங்க மருமக."

"அய்யோ. இன்னா பண்றாங்க?"

"மேல பாக்கறாங்க."

அக்கா முந்தானையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். பட்டுப் புடவையும் மல்லிகையுமாக உச்சியில் உட்கார்ந்திருப்பவரை அது ஒன்றும் மறைக்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே பேரு கெட்டுப்போச்சு. கை கால்லாம் ஒதறுது டீச்சர். நீ பயந்தா இன்னாமோ சொல்லுவியே, அத எனக்குச் சொல்லிக் குடு."

எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்படி ஓர் இடத்தில் நடத்தியதில்லை. வேகமாகச் சொன்னால் அக்காவுக்குப் புரியாது. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன். அவரும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நான். பயப்படுகிற. நாளில். உம்மை. நம்புவேன்.

சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"சொல்லியாச்சு. பயம் அப்பிடியே கீதே?"

"எனக்கும் அப்படியேதான்க்கா இருக்கு."

"அப்போ எதுக்கு சொல்றது?"

நான் பதில் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை, கேட்டவுடன் வாயில் வந்தது. "பயம் போயிடும்னு அதுல சொல்லலக்கா. பயப்படுற நாள்லயே நம்புவேன்னுதான் சொல்லியிருக்கு."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. டிபன் பாக்ஸ் வாங்கிய நாளிலிருந்து சொல்லிவருகிற வசனத்தை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறவள் போல அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயப்படாத நாளில் என்று அதில் இல்லை. பயம் போன மறுநாளில் என்றும் இல்லை. பயப்படுகிற நாளில்! இரண்டும் ஒரே நாள். கை நடுங்கிக்கொண்டிருக்கும்போதே நம்பலாம். வயிறு கலங்கிக்கொண்டிருக்கும்போதே நம்பலாம். அப்படியென்றால் ஊசிக்கு அழுதபோதும் நான் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பாலாற்றுப் பாலத்தில் முன் சீட்டுக் கம்பியைக் கடித்துவிடுகிற மாதிரி பிடித்திருந்தபோதும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வசனம் என்னைப் போல ஆட்களுக்காகவே சொன்னது. தைரியசாலிக்கு அதைச் சொல்ல ஒரு நாளே வராதே!

என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. பயம் எள்ளளவும் குறையவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது. முந்தானையை விலக்கி அக்கா என்னைப் பார்த்தார். பயத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"இன்னா டீச்சர்?"

"ஒண்ணுமில்லக்கா. ஏரி தெரியுது பாருங்க."

ஏரி தெரிந்தது. எத்தனை பெரிய ஏரி! கரையில் நடந்து போயிருக்கிறேனே தவிர, அதன் மறுகோடியை நான் கண்டதேயில்லை. தண்ணீர் முழுக்கச் சாயங்காலச் சிவப்பு. கோயில் விமானத்தில் புறாக்கள் உட்காருவதும் எழுவதும் எனக்குக் கீழே நடந்தது. புறாவின் முதுகை அன்றுதான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ் தீப்பெட்டி போல ரிவர்ஸ் எடுத்தது. எங்கள் சின்ன ஆலயத்தின் ஓட்டுக் கூரை மேல் யாரோ அடித்துத் தொலைத்த பந்து ஒன்று கிடந்தது. ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, கண்ணாடி இல்லாத அக்கா, "எங்க, எங்க" என்று கேட்டுக் கேட்டு, சம்பந்தியை மறந்து, கடைசியில் எழுந்து நிற்கப் பார்த்தார். நான் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

பஜாரில் பாய் கடையிலிருந்து பெல்ட் வந்தது. இன்ஜின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. எல்லாரையும் ஒவ்வொரு தொட்டிலாக இறக்கினார்கள். எங்கள் முறை வந்தபோது கீழே என் கணவர், இரண்டு ஜோடிச் செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைவிட வெளுத்துப்போய் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பச்சைப் புடவையும் வருங்கால மருமகளும் நின்றார்கள்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். சம்பந்தியம்மா வாயைத் திறக்கும் முன்னால் அந்தப் பெண் கிட்டே வந்துவிட்டாள்.

"அத்தை, மேல எப்டி இருந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், பிறகு பொய் சொல்ல முடியாமல், "நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

"எனக்கும் ஏறணும் அத்தை. அம்மா வுடவே மாட்டேன்றாங்க. உங்க கூடன்னா வுடுவாங்க."

"ஐய, இன்னாடி பேச்சு இது, கல்யாணப் பொண்ணு" என்றார் சம்பந்தியம்மா. ஆனால் அவர் கண் ராட்டினத்தின் மேல்தான் இருந்தது. அண்ணாந்து உச்சி வரை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "பெல்ட்டு புதுசுதானே போட்டுக்கீறாங்க?"

"புதுசுதான் சம்பந்தி" என்றார் அக்கா.

"நீங்க ரெண்டு பேரும் மட்டும் எப்டிப் போவீங்க? நானும் வரேன்."

தொட்டிலில் நாலு பேர் உட்காரலாம். மூன்று பேர் ஏறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர், "போதும், நீ வா" என்று கை நீட்டினார். நான் செருப்பை மறுபடி கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஏறினேன்.

இரண்டாவது தடவையும் உள்ளங்கை வேர்த்தது. வயிறு மேலேயே நின்றது. கண்ணை மட்டும் மூடவில்லை. நான்கு பேரிலும் அதிகமாகக் கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். சம்பந்தியம்மா பெருமாளையும் அம்மனையும் மாறி மாறிக் கூப்பிட்டார். மருமகள் மாமியாரின் கையையும் மாமியார் மருமகளின் கையையும் பிடித்துக்கொண்டு, இறக்கம் வரும்போதெல்லாம் ஒரே குரலில் "ஏஏஏய்" என்றார்கள். இறங்கிய பிறகு நாலு பேருக்கும் தரை ஆடியது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, நேராகப் போகப் பார்த்து, கோணலாகப் போய், மிளகாய் பஜ்ஜிக் கடை பெஞ்சில் மொத்தமாக விழுந்தோம். என் கணவர் தூரத்திலேயே நின்றுகொண்டார், எங்களோடு வந்தவர் இல்லை என்பது போல.

அடுத்த ஞாயிறு, ஆலயத்தின் பின்னால் வேப்பமரத்தடியில் நான் நடத்தும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தைத்தான் மனப்பாடம் கொடுத்தேன். எப்போதும் போல ஒப்பிக்கச் சொல்லாமல், உங்களுக்கு எதற்கெல்லாம் பயம் என்று முதலில் கேட்டேன். பயம் இருந்தால் தப்பில்லை, தாராளமாகச் சொல்லலாம் என்றேன். அவ்வளவுதான். வகுப்பு கையை மீறிப் போய்விட்டது. ஓணான் என்றான் ஒருவன். இடி என்றாள் ஒருத்தி. தலை இல்லாத முனி, பல் டாக்டர், எதிர் வீட்டு வாத்து, கணக்குப் பரீட்சை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அடுத்தவன் பயம் இவனுக்குச் சிரிப்பு, இவன் பயம் அடுத்தவனுக்குச் சிரிப்பு. உள்ளே பெரியவர்கள் ஆராதனையில் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். ஆலயத்தில் மணியடிக்கிற கோயில் பிள்ளை வெளியே வந்து உதட்டின் மேல் விரலை வைத்துவிட்டுப் போனார்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "உனக்கு எதும்மா பயம்?" என்று குனிந்து கேட்டேன்.

பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டே, "நீங்கதான் டீச்சர்" என்றாள்.

"அப்போ என்ன பண்ணுவே?"

கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.